கழுத்துக்குப் பின்னால்

"தூக்கமெல்லாம் எப்படி இருக்கு, டாக்டர்?" என்று ஆலோசகர் மேடம் கேட்டபோது சின்ன டாக்டரின் கண் அவர் முகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. சங்கிலிக்குச் சற்று மேலே, இடது பக்கம். மேடம் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அங்கே ஏதோ ஒன்று ஏறி இறங்குவது போலிருந்தது. போலத்தான். இருக்கிறதென்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

பயிற்சி டாக்டர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று அந்த மருத்துவமனை ஓர் அறையை ஒதுக்கியிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இடம் பார்த்த புண்ணியவான் அதைக் கேன்டீனுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்டு வைத்துவிட்டார். உள்ளே ஒருவர் மூக்கை உறிஞ்சினால் வெளியே டீ குடிப்பவர் கைக்குட்டை நீட்டலாம், அவ்வளவு வசதி. அதனால் யாரும் அங்கே வெறுங்கையோடு போவதில்லை. கூடப் படிக்கும் நெட்டை ஒருமுறை வேலையாகப் போவது போல் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, அழுத அசதியில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஒரு வார்டே அதைத் தேடி அலைந்தது. சின்ன டாக்டரின் கையில் எப்போதும் பெரிய எக்ஸ்ரே உறை இருக்கும். உள்ளே காற்றுதான்.

விஷயம் இதுதான். கழுத்தில் ஏதோ உறுத்துகிறது என்று வந்த ஒரு தையல்காரம்மாவைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க" என்று இவள் அனுப்பிவிட்டாள். சில மாதம் கழித்துப் பெரிய டாக்டர் ஒரு விரலை வைத்ததும் கட்டி அகப்பட்டது. ஆபரேஷன் முடிந்து அந்த அம்மா நன்றாகவே இருந்தார். ஒருநாள் இவளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்றும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று முதல் சின்ன டாக்டர் எதையும் நம்புவதில்லை. தும்மலுக்கு வந்தவரையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்த்தாள். முடித்துவிட்டு, மறுபடி உச்சியிலிருந்து. வரிசை வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டிப் போயிற்று. கடைசியில் நின்றவர்கள் நோய் தானாகவே குணமாகி வீட்டுக்குப் போனார்கள் என்று பேச்சு. பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, ஒன்று ஆலோசகரைப் பார், இல்லையென்றால் லீவு போடு என்றார். இவளோ இன்று சாயங்காலம் அவரிடமே போய், படிப்பை விடுகிறேன் என்று சொல்லிவிடுவதாக இருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் அம்மா, பெரியப்பாவின் குடலிறக்கத்திலிருந்து சித்தியின் பித்தப்பைக் கல் வரை மகள் கையால்தான் என்று வரிசை போட்டு வைத்திருந்தாள்.

போன தடவைகளும் இப்படித்தான். முதலில் மேடத்தின் முழங்கால் வலி. அடுத்து ஒற்றைத் தலைவலி. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "நீ அங்க மனசு விட்டுப் பேசப் போறியா, இல்ல ரவுண்ட்ஸ் போறியாடி?" என்று நெட்டை கேட்டாள்.

"மேடம், உங்க கழுத்தக் கொஞ்சம் பாக்கட்டுமா?"

மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சங்கிலியை ஒதுக்கிக்கொண்டார்.

கழுத்துக் கட்டியை ஆளுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பார்கள். இரண்டு கைகளாலும் கழுத்தைச் சுற்றி, விரல் நுனிகளை முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரை விழுங்கச் சொல்ல வேண்டும். கட்டி இருந்தால் விழுங்கும்போது விரலடியில் ஏறி இறங்கும். மேசைமேல், அழ வருபவர்களுக்கென்று வைத்த டம்ளர் இருந்தது. அவள் பின்னால் போய்க் கழுத்தில் கை வைத்ததும் கேன்டீனில் ஒருவர் டீ கிளாஸோடு பாதி எழுந்தார்.

தண்ணீரைக் குடிக்கச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"மேடம், என் விரலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

மேடத்தின் தோள் அசைந்தது. திரும்பப் போனவர் நின்றுவிட்டார். "சொல்லுங்க. நான் திரும்பல."

அந்தப் பின்னந்தலையிடம் அவள் சொன்னாள். தையல்காரம்மாவை, சாப்பிட்டீங்களா என்று கேட்டதை, குளிக்கும்போது தன் கழுத்தையே தடவித் தடவித் தோல் சிவந்துபோவதை, சாயங்காலம் சொல்லப்போவதை. மேடம் "ம்" என்பது காதில் விழுவதற்கு முன்பு விரலில் அதிர்ந்தது. பேசி முடித்தபோது மேடத்தின் தலைமுடியில் இரண்டு மூன்று சொட்டு ஈரம்.

"இன்னும் நிறையப் பேசணும், டாக்டர்" என்றார் மேடம், அசையாமல். "இப்ப நான் முழுங்கட்டுமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளர் மேசையிலிருந்து எழும் சத்தம். கண்ணாடிக்கு அப்பால் கேன்டீன் மொத்தமும் மெல்லுவதை நிறுத்தியிருந்தது. இடது கை நடுவிரலுக்கடியில் பட்டாணி அளவில் ஏதோ ஒன்று மெதுவாக மேலேறி, ஒரு கணம் நின்று, இறங்கியது.

கையை எடுக்காமல், "இன்னொரு வாய், மேடம்" என்றாள்.