எந்த வசனப்படி?

ருமேனியாவில் எங்கள் வலேனி பாப்டிஸ்ட் சபையில் வெத்தூரியாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆராதனை நேரத்தில் பிள்ளைகளைத் தனி அறையில் வைத்து வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞாயிறு பள்ளி மட்டும் உண்டு. அதையும் பிடுங்கத்தான் மூப்பர் தெயோஃபில் சபைக்கூட்டத்தில் எழுந்தார். அவர் சொன்ன காரணம் வேதம். ஊர் அறிந்த காரணம், வெத்தூரியா போட்ட கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர் பேத்திக்கு மரியாள் வேஷம் கிடைக்காமல் ஆடு வேஷம் கிடைத்தது.

"ஞாயிறு பள்ளின்னு வேதத்துல எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம். உபாகமம் ஆறு, எபேசியர் ஆறு, ரெண்டுலயும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியது தகப்பன்தான்."

"மைக்கு மட்டும் வேதத்துல இருக்கா சகோதரரே? அதை விடவே மாட்டேங்கறீங்களே," என்றாள் வெத்தூரியா. பெண்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பு, ஆண்கள் பக்கம் பார்த்து அடங்கியது. "உபாகமம் முப்பத்தொண்ணையும் படிங்க. ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிவச்சு வாசிக்கச் சொல்லியிருக்கு. தீமோத்தேயுவுக்கு விசுவாசம் எங்கிருந்து வந்துச்சு? பாட்டிகிட்டயும் அம்மாகிட்டயும் இருந்துதானே?"

"அது பெத்த அம்மா," என்றார் தெயோஃபில்.

வாக்கெடுப்பில் தோற்றாள். வகுப்பறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறு ஞாயிறு பிள்ளைகளெல்லாம் தகப்பன்மாரோடு ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆராதனையில் மூன்று பிரசங்கம். நடுவில் பித்தளை வாத்தியம். முதல் பிரசங்கத்திலேயே ஒருவனுக்கு ஒன்றுக்கு முட்டியது, இன்னொருத்தி பாட்டுப் புத்தகத்தைக் கிழித்தாள். தெயோஃபில் மைக்கைப் பிடித்ததும் அவர் பேத்தியே "மே" என்று கத்தினாள்.

அவர் வெத்தூரியாவைப் பார்த்துக் கதவுப்பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் அசையவில்லை. போதகரே இறங்கி வந்தார்.

"சகோதரி, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"எந்த வசனப்படி? அவரையே சொல்லச் சொல்லுங்க."

வாய்தான் அப்படிப் பேசியது, மனசு வகுப்பறைச் சாவிமேல் இருந்தது. தெயோஃபில் முறுக்கிக்கொண்டால் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

தகப்பன்மாரின் முறைப்பெல்லாம் தெயோஃபில்மேல் திரும்பியது. அவர் உபாகமம் முப்பத்தொன்றைப் புரட்டி வாசித்தார். 'பிள்ளைகளையும்' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"கேக்கலை!" என்றது பெண்கள் பக்கம்.

மறுபடி வாசித்தார். வெத்தூரியா எழுந்தாள், பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

இப்போதும் ஆராதனை முடிந்ததும் இருவரும் கை குலுக்கி, "கர்த்தருடைய சமாதானம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்கிற விதத்தில், பக்கத்தில் நிற்பவர் இரண்டடி தள்ளிப் போய்விடுவார்.