தரையில் கிடந்த முகம்

அந்தத் தகர முகம் கவிழ்ந்து கிடந்தது, துண்டுத் தகரம் என்று நினைத்து எடுத்தேன் என்று எனக்கு நானே வெகுநாள் சொல்லிக்கொண்டேன். கவிழ்ந்துதான் கிடந்தது. ஆனால் நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

நோவாய் கிராமத்தில், தகரச் சிற்பிகள் பட்டறை வாசலில் பதினோரு வருஷம் வாழைக்காய் பொரித்து விற்றவள் நான். உள்ளே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் வந்து தின்றுவிட்டு, காரம் போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவராவது உள்ளே வந்து பார் என்று கூப்பிட்டதில்லை. அந்த வருஷம் கோடை விடுமுறையில் பெண்களுக்கு ஆறு வாரப் பயிற்சி என்று பலகை வைத்தார்கள். எண்ணெய்ச் சட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

நாங்கள் எட்டுப் பேர். பட்டறைத் தலைவர் பாஸ் ஃபெனெலுஸ்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் நான்கு வாரம் வெறும் தகர வேலை. பழைய எண்ணெய் டிரம்முக்குள் வாழைச்சருகு போட்டுக் கொளுத்தி, அழுக்கு எரிந்ததும் பிளந்து, மேலே ஏறி மிதித்துத் தட்டையாக்கி, சுண்ணக்கட்டியால் வரைந்து உளியால் வெட்ட வேண்டும். கடைசி இரண்டு வாரம் அதோடு கண்டதையும் சேர்த்துச் சிற்பம் செய்ய வேண்டும்: மோட்டார் சைக்கிள் செயின், சோடா மூடி, பொம்மைக் கை, கரண்டி, எதுவானாலும் சரி. அதற்காகப் பட்டறையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முதல் நாளே பாஸ் சொன்னார்.

"மேசையில இருக்கறது வெட்டினவங்களோடது. தரையில விழுந்தது எடுக்கறவங்களோடது. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

கடைசி நாளில் யாருடைய சிற்பம் நன்றாக இருக்கிறதோ அவளுக்குப் பட்டறையிலேயே ஒரு மேசை, நிரந்தரமாக. அந்த மேசைமேல் எனக்கு வெறி. எண்ணெய்ப் புகையில் இன்னொரு பதினோரு வருஷம் நிற்க முடியாது என்று தோன்றிவிட்டது. மீன் வெட்டினேன், சேவல் வெட்டினேன், இலை வெட்டினேன், எல்லாம் வந்தது. மனித முகம் மட்டும் வரவில்லை.

"இல்மேன், இது பொம்பளையா மரவள்ளிக் கிழங்கா?" என்று என்னைக் கேட்பார் பாஸ். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே பற்றி எரியும்.

பக்கத்து மேசை தியெலாவுடையது. பூகம்பத்துக்குப் பிறகு தலைநகரிலிருந்து இங்கே வந்தவள், வீடுவீடாகத் துணி துவைப்பவள். என்னைவிட நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா என்பேன். அவளுக்கு மேசையும் வேண்டாம், பேரும் வேண்டாம். ஒன்பது வயதில் அந்தப் பூகம்பத்தில் போன மகள் ஜூட்லினின் பக்கவாட்டு முகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். குழந்தையின் ஒரே போட்டோ வீட்டில் இருந்தது. வீடும் போட்டோவும் குழந்தையும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. தியெலா கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்ப்பாள், பிறகு தகரத்தில் வரைவாள். ஏழு முகங்கள் வெட்டினாள். ஒவ்வொன்றையும் பார்த்து, "இவ இல்ல" என்று சொல்லி மடக்கிக் குப்பையில் போட்டாள்.

எட்டாவதை ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை வெட்டினாள். அன்று "இவ இல்ல" என்று அவள் சொல்லவில்லை. மூன்று மணிக்குத் திடீரென்று மழை பிடித்தது. துவைத்துக் காயப்போட்ட ஊரார் துணி நனைகிறதே என்று அடித்துப்பிடித்து ஓடினாள். எல்லோரும் கலைந்துவிட்டார்கள். தகரங்களைக் கூரைக்குள் இழுத்துப் போட நான் மட்டும் நின்றேன். அவள் மேசைக்கடியில் அது கிடந்தது.

திருப்பினேன். மேடிட்ட நெற்றி, குட்டை மூக்கு, உள்ளே ஒடுங்கிய முகவாய். ஏழு முகங்கள் தோற்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு எட்டாவது ஜெயித்தது தெரியாமல் போகுமா? தெரிந்தது. தரையில் விழுந்தது எடுக்கிறவளுடையது என்று சொல்லிக்கொண்டேன். அவள் ஒன்பதாவது வெட்டிக்கொள்வாள் என்றும் சொல்லிக்கொண்டேன். நான் நல்லவள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் இந்த இரண்டு பொய்யும் போதுமானவையாக இருந்தன.

என் சிற்பம் ஒரு மரப்பெண், பாதி மரம் பாதிப் பெண். செயினில் உடம்பு, சோடா மூடியில் பாவாடை. தலைதான் இல்லாமல் நின்றது. முகத்தைப் புரட்டி, வலப்பக்கம் பார்த்தவளை இடப்பக்கம் பார்க்கவைத்து ரிவிட் அடித்தேன். நெற்றிமேல் கம்பி முடி, கழுத்தைச் சுற்றிக் கரண்டிகள், கன்னமெல்லாம் சிவப்பு பெயின்ட். பெற்றவளே வந்தாலும் தெரியாது.

மறுநாள் பெற்றவள் வந்தாள். மேசைக்கடியில் குனிந்து தேடினாள்.

"என் பொண்ண யாராச்சும் பாத்தீங்களா?"

பாஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "தரையில கெடந்ததுன்னு யாராச்சும் எடுத்திருந்தா சொல்லிடுங்கம்மா. தப்பில்ல. திருப்பிக் குடுத்துட்டாப் போதும்."

தப்பில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ரிவிட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. குப்பைமேட்டில் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து மத்தியானம்வரை தேடினேன். தகரம் கிழித்து அவள் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. என் தலைத்துணியைக் கிழித்து நானே கட்டுப்போட்டேன். "உனக்குப் புண்ணியமாப் போகும்டி" என்றாள்.

கடைசி நாள் மேசை எனக்குக் கிடைத்தது. பெத்தியோன்வில்லிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் மரப்பெண்ணை வாங்கி வண்டியில் ஏற்றினார், கடல் தாண்டிப் போகிறதாம். வண்டி கிளம்பும்வரை தியெலா அதன் முன்னாலேயே நின்றாள்.

"மொகம் வராது வராதுன்னு அழுவியே. எப்படிடி இப்படி வந்துச்சு?"

"ஏதோ வந்துச்சுக்கா."

"எனக்கு இனிமே வராது. கை நடுங்குது. நான் சொல்லச்சொல்ல நீ வெட்டித் தர்றியா? மூக்கு எப்படி, நெத்தி எப்படின்னு சொல்றேன்."

எந்த வாயால் மாட்டேன் என்பது? சரிக்கா என்றேன்.

சனிக்கிழமை வந்தாள். என் புது மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அந்த முகத்தைத் தடவித் தடவிப் பொருத்தியதில் அதன் வளைவெல்லாம் என் கைக்கு மனப்பாடம். அவள் நெற்றியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் என் சுண்ணக்கட்டி மூக்கைத் தாண்டி உதட்டுக்கு வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"நீ அவளப் பாத்ததே இல்லையேடி."

உள்ளங்கையால் கோட்டை அழித்தேன். "நீதானக்கா குட்ட மூக்குன்ன."

அதற்குப் பிறகு ஜாக்கிரதையானேன். மூக்கைக் கொஞ்சம் நீட்டினேன், முகவாயைக் கொஞ்சம் வெளியே தள்ளினேன். அவள் இல்லை இல்லை என்றாள், மறுபடி சொன்னாள், நான் மறுபடி தப்பாகவே வெட்டினேன். சரியாக வெட்டுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அவளுக்கு அலுத்துவிட்டது. "போதும்டி. இதுவே இருக்கட்டும்" என்று துணியில் சுற்றி எடுத்துப் போனாள். போகும்போது எனக்காக ஆக்கிவந்த சோளமும் பீன்ஸும் மேசையில் வைத்தாள். என்னால் ஒரு வாய் தின்ன முடியவில்லை.

அந்த மேசையில் நான் அதன்பின் ஒரு முகம்கூட வெட்டவில்லை. உளியை எடுத்தால் அந்த ஒடுங்கிய முகவாய்தான் வரும். ஒரு வருஷம் தாங்கினேன். திட்டினாலும் அடித்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு மேலே நான் வெட்டிய முகத்தை ஆணியடித்து மாட்டி, பக்கத்தில் துவைத்த வெள்ளை ரிப்பன் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் மொதல்ல சொல்லிடறேன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ வெட்டிக் குடுத்தப்போ முகவா இப்படி இல்லையேன்னு உம்மேல கோவம்டி. இப்போ கண்ண மூடினா இவதான் வர்றா. இப்படியேதான் வர்றா. அப்போ நான்தான் தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கேன். பெத்த நானே மறந்துட்டேன், நீ சரியா வெட்டியிருக்க. என்னை மன்னிச்சிடு."

நான் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"நீ என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஜூட்லினை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.