நாற்பத்தேழாம் எண் ஜாதகம்

கோவில்பட்டியில் ஒரு பெண் தும்மினால் கடம்பூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் கஷாயம் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட சனத்துக்கு இணையத்தில் வரன் பார்க்கும் தளம் நடத்தினாள் ராமலட்சுமி. பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் அதில் வெளியே தெரியாது. இரண்டு தரப்புக்கும் முகம் பார்ப்பதுகூட நேரில்தான். ஒரு எண்ணும் ஜாதகக் கட்டமும் மட்டும் இருக்கும். கட்டத்தையும் மறைத்தால் எவன் வரன் கேட்டு வருவான்?

நாற்பத்தேழாம் எண் அமுதவள்ளி. விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில், புருஷன் மகாராஜா கரண்டியைக் காய்ச்சி அவள் முதுகில் இழுத்தான். அந்தப் பாவியை விவாகரத்து செய்துவிட்டு, தாயோடு எப்போதும்வென்றான் என்ற ஊரில் வாடகைக்கு வந்து ஒடுங்கியிருந்தாள்.

"அக்கா, நான் இருக்க எடம் மட்டும் அவருக்குத் தெரிஞ்சிரக் கூடாது" என்று அழுதாள். ராமலட்சுமி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

போன வாரம் செல்வகணேஷ் என்பவனின் ஜாதகம் வந்தது. பத்துக்குப் பத்துப் பொருத்தம். எட்டு வருஷத்தில் ராமலட்சுமி அப்படி ஒன்றைப் பார்த்ததேயில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அமுதவள்ளியிடம் சம்மதம் வாங்கி, விலாசத்தையும் அவனுக்குக் கொடுத்துவிட்டாள். இன்று காலை பத்து மணிக்குப் பெண் பார்க்கும் நேரம்.

ஒன்பதே முக்காலுக்கு அவனுடைய பதிவைச் சும்மாதான் திறந்தாள். ஜாதகம் போடுவதற்கு இருபது நாள் முன்பே சேர்ந்திருக்கிறான். அத்தனை நாளும் ஒரே ஒரு கட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். நாற்பத்தேழு.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஒங்க ஜாதகம் யாரு எழுதுனது?"

"ஏன்க்கா, பொருந்தலையா?"

"ரொம்பப் பொருந்துது. அதான் கேக்கேன்."

அவன் சிரித்தான். "பொருந்துத மாதிரிதான எழுதச் சொன்னேன். விருச்சிக ராசி, அனுஷம், ஏழுல செவ்வா. எம் பொண்டாட்டி கட்டம் எனக்கு மறக்குமாக்கா? பேரை மறச்சிய, கட்டத்தை விட்டுட்டியளே."

போன் அறுந்தது. அவன் சொன்னது ராமலட்சுமிக்கு இப்போதுதான் உறைத்தது. முகத்தை மூடி வைத்துவிட்டுக் கைரேகையை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அமுதவள்ளியின் நம்பரை அழுத்தினாள்.

"அக்கா, வந்துட்டாவ!" அமுதவள்ளி வெட்கத்தோடு கிசுகிசுத்தாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலில் சந்தோஷம் கேட்டு. "மாப்பிள்ளையோட அத்தையாம், உள்ள உக்காந்திருக்காவ. மாப்பிள்ளை வாசல்ல செருப்பைக் கழத்துதாவ."

"ஏட்டி, கதவைச் சாத்து! அது மகாராஜா!"

தம்ளர்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டது. அவளுடைய தாய் என்னவோ கத்தினாள். பிறகு சற்றுமுன் சிரித்த அதே குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"போனை வையி, அமுதா. பொண்ணு பாக்க வந்தவனுக்குக் காப்பி குடுக்க மாட்டியா?"