சத்தியராஜின் பதினோரு பதிவுகள்

புள்ளியியல் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். மாவட்டத்துக் கோழிகளை இறகு உள்பட எண்ணியிருக்கிறேன். ஓய்வுபெற்று, அயனம்பாக்கம் ஃபிளாட்டில் ஏரிக் கொக்குகளை எண்ணிக்கொண்டிருந்த என்னைத் தேடி ஆரோக்கியம்மாள் வந்தார். சிறையிலிருந்து வெளிவருகிறவர்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் ஏசி மெக்கானிக் பயிற்சி நிலையம் நடத்துபவர்.

“பயிற்சி முடிச்சவங்க திரும்பத் தப்பு பண்ணாம இருக்காங்களான்னு கவர்மென்ட்ல ஆதாரம் கேக்குறாங்க சார். இல்லேன்னா மார்ச்சோட மூடணுமாம்.”

எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. நேராகக் காவல் நிலையம் போனேன். பயிற்சி முடித்த இருபது பேர் பெயரும் சிறைக்குப் போகும் முன் இரண்டு வருடத்திலும், பயிற்சிக்குப் பின் இரண்டு வருடத்திலும் எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். என்னை நாலாயிரம் தடவை நடக்கவைத்து, ரைட்டர் கோமளா ஒரு தாள் கொடுத்தார்.

முன்பு பதினெட்டு. பிறகு இருபத்துநாலு! சத்தியராஜ் என்பவன் மட்டும் முன்பு மூன்று, பிறகு பதினொன்று. பயிற்சி ஆளைத் திருத்தவில்லை, சாணை பிடித்து அனுப்பியிருக்கிறது!

இந்தச் சத்தியராஜ், பயிற்சி முடித்து அங்கேயே வாத்தியாராகிவிட்டவன். நிலையம் மூடினால் முதலில் தெருவுக்கு வருபவன் அவன்தான். ஆரோக்கியம்மாளிடம் நான் நீட்டிய தாளை அவனும் எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார் இது? பதினோரு திருட்டா? ரெண்டு வருசமா ஒரு ஸ்க்ரூவைக்கூட பாக்கெட்ல போட்டதில்ல!”

“பதிவேடு பொய் சொல்லாதுப்பா.”

“அப்ப வா சார், ஸ்டேசனுக்கே போலாம். வண்டில குந்து.”

அவன் ஓட்டிய வேகத்தில் குமணன்சாவடி எனக்கு ஒரு கோடாகத்தான் தெரிந்தது. அவனைப் பார்த்ததும் கோமளா தலையில் கைவைத்தார்.

“ஐயோ, இன்னிக்கு இன்னா காணோம்?”

“இந்தப் பதினோரு தடவையும் இவனைப் பிடித்தது யார் மேடம்?” என்றேன்.

“பிடிக்கிறதா? எல்லாம் இவரு குடுத்த புகார் சார்! செருப்பு காணோம். சைக்கிள் காணோம். அது கிடைச்சதும் பெல் மட்டும் காணோம்னு தனியா ஒண்ணு. தெருவிளக்கு எரியலைன்னு மூணு. திருடனா இருந்தப்போ எங்களுக்கு இவ்ளோ தொல்லை இல்ல.”

சத்தியராஜுக்குத் துளி வெட்கமில்லை. “நான் முப்பது சைக்கிள் தூக்கியிருப்பேன் மேடம். நம்மளுதை ஒருத்தன் தூக்கும்போதுதான் வயிறு எரியுது.”

நான் கூனிக் குறுகிப் போனேன். பெயர் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, புகார் கொடுத்தவர் பக்கமா, மாட்டியவர் பக்கமா என்று கேட்கவில்லை. கோழிகள் புகார் கொடுப்பதில்லை. அந்தப் பழக்கம்.

கோமளா மறுபடி பிரித்துப் பார்த்தார். இருபத்துநாலில் பத்தொன்பது புகார்கள், மூன்று சாட்சிகள். உண்மையில் மாட்டியவை இரண்டு. முன்பு இருந்த பதினெட்டோ, பதினெட்டும் மாட்டியவைதான். குஷியில் அந்த இரண்டையும் அடித்துவிடப் போனேன். சத்தியராஜ் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் சார். ரெண்டும் எங்ககூடப் படிச்ச கிஷோரு வேலை. எழுது. மறைச்சா நாமளும் திருடங்கதான்.”

எழுதினேன். பயிற்சிக்கே வராதவர்களையும் எண்ணினால்தான் முழு நியாயம் தெரியும் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டேன். பதினெட்டு இரண்டாகியிருந்தது, அந்தக் குறிப்பையும் தாங்கும்.

கிளம்பலாம் என்று திரும்பினால், அவன் கோமளாவிடம் வெள்ளைத்தாள் கேட்கிறான்.

“பன்னெண்டாவது புகார் மேடம். யோக்கியனைத் திருடன்னு எழுதிட்டாரு ஒருத்தரு.”

“பேரு?”

“ஏகாம்பரம். அயனம்பாக்கம். ரிட்டயர்டு.”

அறுபத்தெட்டு வயதில் என் பெயர் முதன்முதலாக ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறியது, அதுவும் மாட்டியவர் பக்கத்தில்! கோமளா சிரித்த சிரிப்பில் லாக்கப் கம்பிகள் ஆடின.

மார்ச்சில் நிலையத்துக்கு மேலும் மூன்று வருடம் அனுமதி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவனிடம் கெஞ்சினேன்: “இப்போதாவது புகாரை வாபஸ் வாங்குப்பா.”

“ரெண்டு வருசம் பாப்போம் சார். நீ திரும்பத் தப்பு பண்ணலைன்னா வாங்கிக்கறேன்.”