பண்ணையார் குடித்த பரோலோ

யுத்தத்துக்கு முந்தின வருஷம், அக்கினி நட்சத்திர வெயிலில், சவுரிராயன் ஒரு புட்டியை ஈரத்துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முகையூர்ச் சேரியிலிருந்து ஊருக்குள் பண்ணையார் வீட்டுக்கு நடந்தான். அவன் மாதாகோயில் பாதிரியாரின் குசினிக்காரன். இத்தாலியில் பாதிரியார் பிறந்த ஊர் பரோலோ. அங்கே செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். ராஜாக்கள் விரும்பிக் குடிப்பதாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே புட்டியைப் பன்னிரண்டு வருஷம் தொடாமல் வைத்திருந்தவர், சேரிக் கிணற்றுக்காக அதைக் கொடுத்தனுப்பினார்.

சேரியில் கிணறு கிடையாது. எருமை புரளும் குட்டையில்தான் குடிதண்ணீர். அந்த மாசம் மட்டும் மூன்று குழந்தைகள் பேதியில் போய்விட்டன. ஒன்று சவுரிராயனின் தங்கை மகள். கிணறு வெட்டத் தோதான இடம் சுப்பராயலு பண்ணையாருடையது. பாதிரியார் எழுதிய சம்மதப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

பண்ணையார் புட்டியைக் கையில் வாங்கவில்லை. "கீழ வைடா," என்றார். வேலைக்காரி முனியம்மாள் அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிக்கும் தீட்டு உண்டு போலிருக்கிறது. மனுஷர் புதுச்சேரிப் பழக்கம் உள்ளவர். தக்கையைத் திருகி எடுத்து, முகர்ந்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டிக் குடித்தார். வாசல் வெயிலில் நின்றபடி சவுரிராயன் செத்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னான். அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் மீசையில் சிவப்பு சொட்டியது.

மூன்றாவது தம்ளர் முடிந்ததும் பண்ணையார் பதில் சொன்னார். "கெணறெல்லாம் வாணாம். நீங்க மொண்ட தண்ணி ஊத்துல கசிஞ்சு எங் கெணத்துக்கு வந்துடும். அப்பறம் நான் எதக் குடிக்கறது?"

சவுரிராயன் மடியிலிருந்து பத்திரத்தை எடுத்தான்; பண்ணையார் புட்டியைத்தான் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். இத எப்படிடா செய்யறாங்க? மிஷின்ல பிழிவாங்களா?"

பாதிரியார் சொல்லக் கேட்டுக் கேட்டு அவனுக்கு எல்லாம் மனப்பாடம். மரியாதை குறையாமல் சொன்னான்.

"இல்லீங்க ஆண்டே. அங்க மலச்சரிவு பூரா திராட்சதான். பனி மூடற மாசத்துல அறுத்துக்கினு வந்து தொட்டியில கொட்டுவாங்களாம். பண்ணக் கூலிங்க எறங்கி வெறுங்காலால மிதிப்பாங்களாம். எங்க சாமியாரோட அப்பாரும் அந்தக் கூலிதாங்க. மிதிச்சி மிதிச்சி காலு செவந்து கெடக்குமாம். அந்தச் சாறு மரப்பீப்பாயில வருசக்கணக்கா ஊறித்தான் இந்த ருசி வருதாம்."

பண்ணையாரின் முகம் வெளிறியது. வாசல் ஓரத்துக்கு ஓடி, குடித்த மூன்று தம்ளரையும் கக்கினார். புளித்த வாடை அடித்தது. முனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சாதிசனத்துக்குத் தெரிந்தால் பந்தியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் வந்துவிட்டது. "சவுரி, இது வெளிய போவக் கூடாது. கெணறுதான, வெட்டிக்குங்க."

சவுரிராயனுக்கு அருவருப்பு தாங்கவில்லை. மூன்று பிள்ளைகள் செத்ததற்கு இறங்காத மனசு, கடலுக்கு அப்பால் எவனோ மிதித்த காலுக்கு இறங்குகிறது. இவனெல்லாம் ஒரு மனுஷன். பத்திரத்தைக் கிழித்து அந்த முகத்திலேயே எறியலாம் என்றிருந்தது. ஆனால் குட்டை கண்முன் நின்றது. பத்திரத்தை நீட்டினான்.

பண்ணையார் வாய் கொப்பளிக்கச் சொம்பை எடுத்தார்.

"கையெழுத்தப் போட்டுட்டு வாயக் கழுவுங்க ஆண்டே," என்றான் சவுரிராயன்.