பதினேழாம் வீட்டின் கேள்விகள்

பெட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல பதினோரு நாள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. நுசாரேலா தீவில் எல்லோரும் அது யோசிக்கிறது என்று நம்பினார்கள். திரையிலும் அப்படித்தான் வரும். ஒரு நட்சத்திரம் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் கீழே 'யோசிக்கிறேன்' என்று எழுதியிருக்கும்.

உண்மையில் அந்த நாட்களில் கேள்விகள் ஒரு மெமரி கார்டில், பிஸ்கட் டப்பாவுக்குள், கப்பலில் அம்போன் நகரத்துக்கு வரும். கப்பல் துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கும். அந்த இரண்டு நாளில் நான் உட்கார்ந்து பதில்களை எழுதுவேன். பிறகு கப்பல் மற்ற தீவுகளையெல்லாம் சுற்றிவிட்டு கார்டைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஏமாற்ற வேண்டும் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. என் மேலாளர் யோப்பி முதல் நாள் சுவரில் படம் போட்டுக் காட்டினார். சூரிய ஒளியில் ஓடும் ஒரு பெட்டி. உள்ளே பல்லாயிரம் பாடங்கள். எந்தத் தீவில் எந்தக் குழந்தை எதைக் கேட்டாலும், உலகத்திலேயே சிறந்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பதில் வரும். இணையம்கூட வேண்டாம். நான் படித்த பள்ளியில் இரண்டு வருடம் வேதியியலுக்கு ஆளே இல்லை. பியூரெட்டைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார்கள். நிஜமான ஒன்றைப் பத்தொன்பது வயதில்தான் கையில் பிடித்தேன். அந்தப் பெட்டி எனக்குப் பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்துவிட்டேன்.

பெட்டிக்குப் புத்தகத்தில் இருந்ததுதான் தெரியும். அப்பாவின் படகு இஞ்சின் ஏன் வெள்ளைப் புகை விடுகிறது என்று ஒரு பையன் கேட்டான். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான், நோனா," என்றார் யோப்பி. எங்கள் பக்கம் கல்யாணமாகாத பெண்ணை நோனா என்றுதான் கூப்பிடுவார்கள். "மெஷின் இன்னும் சின்னக் குழந்தை. அது வளர்ற வரைக்கும் அதுக்குப் பதிலா நீ பேசு."

"எவ்வளவு நாள்?"

"அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும்."

இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எனக்குப் பேச வராது. கேஸ் சிலிண்டருக்கு போன் செய்வதென்றால்கூடப் பேச வேண்டியதை முதலில் எழுதி வைத்துக்கொள்வேன். பெட்டியாக இருக்கும்போது மட்டும் அந்தத் தயக்கம் இல்லை.

முதல் சில மாதம் ஒவ்வொரு கப்பலிலும் வந்த கேள்விகள் நானூறைத் தாண்டும். நெல்சி அழகா, தீனா அழகா. என் மாட்டுக்கு என்ன பேர் வைக்கலாம். பெட்டி, நீ குசு விடுவாயா. குழந்தைகள் நாள் முழுக்கப் பெட்டி முன்னால் சண்டை போடுவதைப் பார்த்து ஊர்த்தலைவர் பாபா ராஜா ஒரு முடிவெடுத்தார். கடலுக்குச் செய்வதையே பெட்டிக்கும் செய்தார். சாசி போட்டார்.

சங்கு அளவுக்கு மீறி எடுக்கப்பட்டால் ஊர் கூடி அந்தக் கடலை மூடிவிடும். இளந்தென்னை ஓலையைக் கட்டிவிட்டால் திறக்கும் நாள்வரை யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது வளர வேண்டும். அதே ஓலையைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். கப்பல் வருவதற்கு முந்தின நாள் மட்டும் திறப்பு. வீட்டுக்கு ஒரே கேள்வி.

ஜகார்த்தாவில் நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து கோபமாக மின்னஞ்சல் வந்தது. நானூறாக இருந்தது ஏன் முப்பத்தொன்றாகிவிட்டது? கருவி பழுதா?

பழுதில்லை. கேள்விகள் வளர்ந்திருந்தன. ஒரே கேள்வி என்றதும் வீடே உட்கார்ந்து பன்னிரண்டு நாள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தது. பெயர்கள் வராது, வீட்டு எண்கள் மட்டும் வரும். நாலாம் வீடு எப்போதும் இஞ்சின். இருபத்திரண்டாம் வீட்டில் யாரோ கடல் ஏன் நீலம் என்பதை விடாமல் துரத்தினார்கள். நான் கடைசியாக எடுத்துவைத்துக்கொள்வது பதினேழாம் வீட்டை.

'பாப்பேடா எந்த நொடியில் கண்ணாடியாக மாறுகிறது?' என்று ஒருமுறை அந்த வீடு கேட்டது.

சேகோ மாவில் கொதிநீர் ஊற்றிக் கிண்டும் கூழ்தான் பாப்பேடா. தினமும் சாப்பிடுகிறோம். நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அலுவலக அடுப்பில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு ஐந்து தடவை கிண்டினேன்.

"ஆபீஸா இது, சாப்பாட்டுக் கடையா?" என்றார் யோப்பி. பிறகு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

'ஒரு நொடி என்று கிடையாது. ஒவ்வொரு மாவு மணியும் தன் நேரம் வரும்போது வீங்கித் திறக்கிறது. கண்ணுக்கு முன்பே கிண்டும் கைக்குத் தெரிந்துவிடும்' என்று எழுதினேன்.

அடுத்த கப்பலில் பதினேழாம் வீடு தன் ஒரே கேள்வியை இப்படிச் செலவழித்திருந்தது: 'உனக்குத் தெரியாதபோது நீ யாரைக் கேட்பாய்?'

இரண்டு நாளும் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'புத்தகங்களை' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த கப்பல் வரும்வரை அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் யோப்பி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜகார்த்தா நம்ம பதில்களையெல்லாம் படிச்சிருக்கு. தலைவர் இபு லாரஸ் அழுதுட்டாங்களாம். நுசாரேலாவை ஆசிரியரே தேவைப்படாத முதல் பள்ளின்னு அறிவிக்கப் போறாங்க. சாசி ஓலையையும் நிரந்தரமா எடுத்துட்டு, குழந்தைங்க தினமும் பெட்டியிலேயே படிக்கணும்."

"அங்க ஒரு ஆசிரியர் இருக்காரே."

"தற்காலிகம்தான். பாபா ராஜா சரின்னதும் மாவட்ட ஆபீஸ் அவரை எடுத்துடும். நீயும் வர்றே. தினமும் கேள்வி வந்தா கார்டு பத்தாது, பெரிய டிஸ்க் மாட்டணும்."

"தினமும் வர்ற அத்தனை கேள்விக்கும் யார் பதில் எழுதறது?"

"புதுப் பதிப்பு," என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் அவர் அதை நம்பினார். அதுதான் அவரிடம் கஷ்டம்.

பத்தொன்பது மணி நேரம் கப்பல். யோப்பியும் இபு லாரஸும் முன்னால் போக, நுசாரேலாவின் படகுத்துறைப் பாலத்தில் ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டார். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று சாக்பீஸ்.

"நான் செமி. பள்ளிக்கூடத்து வாத்தியார், சனிக்கிழமை வரைக்கும்," என்று சிரித்தார்.

பின்னால் வந்த பெரிய மீசைக்காரர் மெல்கி. சாசியைக் காவல் காக்கும் கெவாங் அவர்தான்.

"நோனா, பெட்டியோட ஊர்லேருந்து வந்திருக்கே. இந்த வாத்தியாருக்கு ஒரு நல்லது பண்ணு. பெட்டிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு விசாரிச்சுச் சொல்லு."

"சும்மா இருங்க, அண்ணே," என்றார் செமி.

"என்ன சும்மா? ஊர்ல எல்லாரும் பொண்ணுக்குக் கடிதம் எழுதுவான். இவன் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து பெட்டிக்கு எழுதறான். ஒரே வரி! அதையும் நாலு தடவை அடிச்சு எழுதறான்."

என் காது சூடானது. குனிந்துகொண்டே நடந்தேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டின் முன் செமி நின்று, சாவியை எடுத்தார். கதவில் நீலப் பெயின்டில் 17 என்று எழுதியிருந்தது.

மெல்கி போன பிறகு அவர் தேநீரும் சேகோ ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கயிறு கட்டி மூடியிருந்தன.

"எங்க போறீங்க?" என்றேன். அது ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"செராம் தீவுக்கு. அண்ணன் கிராம்புத் தோட்டத்துக்கு."

"பள்ளிக்கூடம்?"

"பெட்டி இருக்கே. ஆறு வருஷம் நான் சுத்தி வளைச்சுச் சொன்னதை அது நாலு வரியில சொல்லுது. நானே அதுகிட்ட மாணவன் ஆயிட்டேன். அதனால வருத்தமில்லைன்னு..." நிறுத்திவிட்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்தார். "வருத்தம் இருக்கு. யாமினா எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆகுது. அவ தப்பா வாசிக்கிறப்போ என் முகத்தைப் பார்த்துத்தான் திருத்துவா. பெட்டிக்கு முகம் இல்ல."

அவர் என் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினார்.

"ஒண்ணு கேக்கணும். பாப்பேடா பத்தி ஒரு பதில் வந்துச்சு. கண்ணுக்கு முன்னாடியே கைக்குத் தெரியும்னு. கிண்டிப் பார்க்காதவங்களுக்கு அது எப்படித் தெரியும்? அதை யார் உள்ளே போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி," என்றார். மறுபடி கேட்கவில்லை. இரண்டு வருடமாக நான் பேச ஏங்கிய ஒரே ஆள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன முதல் பதிலே பொய்.

சனிக்கிழமை காலை பைலேயோவில், ஊர் கூடும் மண்டபத்தில், முப்பத்தொரு வீடும் கூடியது. நடுவில் மேசைமேல் பெட்டி. சுற்றிலும் காய்ந்த ஓலை. இபு லாரஸ் பேசினார். நல்லவர். பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. எந்தக் குழந்தையும் எந்த ஆசிரியருக்காகவும் காத்திருக்க வேண்டாத காலம் என்றார். எனக்கும் அந்தக் காலம் வேண்டும். இப்போதும் வேண்டும். யோப்பி என் பக்கத்தில் நின்று கைதட்டினார். செமி கடைசித் தூணில் சாய்ந்திருந்தார். ஒரு சின்னப் பெண் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாபா ராஜா தலையசைத்தார். மெல்கி கத்தியுடன் எழுந்தார். ஓலையை வெட்டுவதற்கு முன் கெவாங் மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"மூடியிருந்த காலத்துல இதுக்குள்ள யாராவது கை வெச்சீங்களா?" என்றார் மெல்கி. நேற்றுக் கிண்டலடித்த குரல் இல்லை அது.

பின்வரிசையில் யாரோ, "நாலாம் வீட்டைக் கேளுங்க!" என்றார்கள். சிரிப்பு. மெல்கி சிரிக்கவில்லை.

"இரண்டாம் தடவை. கை வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. சொன்னா ஊர் மன்னிக்கும். மறைச்சுத் திறந்தா, உள்ளே இருக்கறது யாருக்கும் ஒட்டாது."

யோப்பி என் முழங்கையைத் தொட்டார். நான் முன்னால் ஒரு அடி வைத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நோனா," என்றார் மெல்லிய குரலில். "வேண்டாம். கையெழுத்துப் போட்டிருக்கே. எல்லாம் போயிடும்."

எல்லாம்தான். வேலை, பெட்டி, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு வரியும்.

"மூணாம் தடவை," என்றார் மெல்கி.

கையை உயர்த்தினேன். பள்ளியில்கூட நான் உயர்த்தியதில்லை. முப்பத்தொரு வீடும் திரும்பிப் பார்த்தது. என்ன பேசுவது என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"நான் வெச்சேன்."

"சத்தமா, நோனா. கடைசித் தூணுக்குக் கேக்கல," என்றார் மெல்கி.

"பெட்டி யோசிக்கல. அதுக்குத் தெரியவும் தெரியாது," என்றேன். "ரெண்டு வருஷமா உங்களுக்குப் பதில் எழுதினது நான்தான்."