கிணற்றோடு சேர்த்து என்னையும்

யுத்தம் தொடங்கிய வருஷம் அப்பன் போய்ச் சேர்ந்தார். இண்டூர்ப் பக்கம் எங்களுக்கு எட்டு ஏக்கர் வெள்ளாமைக் காடு, ஒரே ஒரு கிணறு. அந்தக் கிணறு யாருக்கு என்றுதான் என் அண்ணன்மார் இருவருக்கும் சண்டை. ஆறு மாதமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. நானோ எட்டு வருஷத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். பாகம் பிரிந்தால் எவர் அடுப்படியில் ஒண்டுவது என்பதே என் கவலை.

ஊர்க்கவுண்டர் நாலு பெரியவர்களோடு பஞ்சாயத்துப் பேச வந்து உட்கார்ந்தார். "மூத்தவன் பிரிக்கட்டும், இளையவன் எடுக்கட்டும். அதுதான மொறை?" என்றார்.

பெரியண்ணன் நஞ்சப்பன் லேசுப்பட்ட ஆளா? தம்பி கிணற்றை எடுத்துவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்துச் சொன்னார்: "மேட்டுக்காடும் வூடும் ஒரு பங்குங்க. கெணத்துக்காடு இன்னொரு பங்கு. அதை எடுக்கறவன் தங்கச்சி ராமக்காளுக்குச் சாகற வரைக்கும் சோறு போடணும்."

சின்னண்ணன் சென்னப்பனின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அடப் பாவிகளா! இந்த எட்டு வருஷமாகச் சாணி அள்ளி, களி கிண்டி, யார் யாருக்குச் சோறு போட்டது? நொண்டி மாட்டைத் தலையில் கட்டுவது போல அல்லவா என்னைக் கட்டப் பார்க்கிறார்கள்!

நடுவில் போய் நின்றேன்.

"ஏனுங்க கவுண்டரே, இளையதுதான எடுக்கணும்? இந்த வூட்டுல கடைசியாப் பொறந்தவ நானுங்க. காட்டையும் வூட்டையும் அவங்க சரிபாதியாப் பிரிச்சுக்கட்டும். எனக்குக் கெணறும், பக்கத்துல குடிசை போட எடமும் போதும். ரெண்டு பேருக்கும் மொறை வெச்சுத் தண்ணி வுடறேன். அறுப்புக்கு அறுப்பு எனக்கு ராகி குடுக்கட்டும்."

"பொம்பளைக்கு ஏது பங்கு?" என்று யாரோ முனகினார்கள்.

"பங்குல சேத்துத் தள்றதுக்கு மட்டும் பொம்பளை ஆவுமா?" என்றேன். கவுண்டர் வெற்றிலை தெறிக்கச் சிரித்துவிட்டார்.

அண்ணன்மார் ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். 'அவனுக்குப் போறதுக்குப் பதிலா இவளுக்கே போகட்டும்' என்று இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. "சரிங்க" என்றார்கள், ஒரே குரலில்.

குடிசை போட்டு அடுப்பு மூட்டிய அன்றே நஞ்சப்பன் தண்ணீர் இறைக்க மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். "ராமக்கா, எனக்கு எப்ப மொறை?" பின்னாலேயே சென்னப்பன். "எங்க வூட்டுல இன்னிக்குக் கோழிக்கறி, வந்து சாப்புட்டுப் போ, தங்கச்சி" என்று குழைந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. 

"யார் வூட்டுக்கும் நான் வரலை. இது என் வூடு. ரெண்டு பேரும் கை கழுவிட்டு உள்ள வந்து உக்காருங்க, களி சூடா இருக்கு."